மதினி போடும் மார்க்

என் மதினியோடு சினிமாவுக்குப் போனால் படம் முடிந்ததும் எழுந்து வந்துவிட முடியாது. செருப்பைத் தேட வேண்டும். சீட்டில் உட்கார்ந்த உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொள்வாள். தென்காசியில் அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த தியேட்டரில் தரை சாய்வாக இருக்கும். போகிறவர் வருகிறவர் காலில் இடறி இடறி அந்தச் செருப்பு வரிசை வரிசையாக இறங்கிப் போய், கடைசியில் திரைக்குப் பக்கத்தில் காலி முறுக்குப் பாக்கெட்டுகளோடு கிடக்கும். கூட்டமெல்லாம் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு சீட்டுகளுக்கு அடியில் தேடுவோம். கூட்டிப் பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு இடுப்பில் கைவைத்து நிற்பாள். கிடைத்ததும் மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று மாட்டுவாள்.

அந்தத் தேடலின்போதுதான் படத்துக்கு மார்க் போடுவாள். அதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டாள். படம் ஓடும்போது செருப்பு எங்கே என்ற நினைப்பு வந்துவிட்டால் அந்தப் படம் சரியில்லை என்பது அவள் கணக்கு.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இலத்தூரிலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மதினிதான். நேரில் வாங்க, போங்க. மனசுக்குள் அவள், இவள். பிறகு அண்ணனும் அவளும் பிரிந்தார்கள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டது அவர்கள் இரண்டு பேர்தான், ஆனால் என் மதினியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணன் பெண்டாட்டியாக இருந்து இல்லாமல் போனவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தரவும் இல்லை. அதனால் நான் இன்னும் மதினி என்றுதான் சொல்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் இருக்கட்டும்.

அவளுடைய மார்க் நம்பரில் இருக்காது. ஐந்துக்கு மூன்றரை, பத்துக்கு ஏழு என்று போனில் பார்த்து யாராவது சொன்னால் சிரிப்பாள். "மூணரைன்னா, அந்த அரை எங்கனட்டி போச்சு? இண்டர்வெல்ல டீ குடிக்கப் போயிட்டோ?" என்பாள். அவளுக்கு அளவுகோல் குற்றாலம். சின்ன வயதிலிருந்து சீசனுக்குச் சீசன் அங்கே போய்க் குளித்து வளர்ந்தவள். பேரருவியில் தண்ணீரே இல்லாமல் காய்ந்து கிடக்குமே, அந்த மாதிரிப் படம் என்றால் "பாறை" என்பாள். அதற்கு மேல் "சாரல்". முகத்தில் ஈரம் படும், தலை நனையாது. அதற்கும் மேல் "நூல்". நூல் மாதிரி விழுகிற தண்ணீரில் பத்துப் பேரை இடித்துத் தள்ளினால்தான் தலையைக் காட்ட முடியும். நல்ல படம் என்றால் "குளிக்கலாம்". ரொம்ப நல்ல படம் என்றால் "ஆர்ச்". அருவிக்குக் கீழே பாதுகாப்புக்கு ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள், மலையில் நல்ல மழை பெய்தால் தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டு விழும். அதையும் தாண்டி வெள்ளமாக வந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் மேலே ஏற்றிவிடும். குளிக்கத் தடை. அதுதான் கடைசி மார்க்.

தடை என்ற மார்க்கை எந்தப் படமும் அவளிடம் வாங்கியதில்லை. ஒரு படத்துக்குத் தியேட்டரே தேம்பித் தேம்பி அழுதது. நான் மூக்கைச் சிந்தியே முந்தானையை ஈரமாக்கிவிட்டேன். வெளியே வந்து பஜ்ஜிக் கடையில் நிற்கும்போது, இதுக்காவது தடை குடுங்க மதினி என்று கெஞ்சினேன். மதினி சட்னியைத் தொட்டுக்கொண்டே முடியாது என்றாள். "தடைன்னா அதுக்குக் கீழ ஆளு நிக்க முடியாதுட்டி. நின்னா கழுத்து முறிஞ்சிரும். நாம என்ன முறிஞ்சா போயிட்டோம்? பஜ்ஜிலா தின்னுட்டு நிக்கோம்." அந்தப் படத்துக்கு ஆர்ச்தான் கிடைத்தது. எனக்குக் கோபம்.

படத்தோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாண வீட்டு அவியல், இலஞ்சியில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூட ஆபீசில் புதிதாக வந்த மேனேஜர், ஆலங்குளம் பஸ்ஸில் கண்டக்டர் போடுகிற பாட்டு என்று எல்லாவற்றுக்கும் மார்க் போட்டாள். ஒருநாள் எங்கள் அம்மா வைத்த சாம்பாருக்கு, யோசிக்காமல் வாய் தவறி, சாரல் என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. நான்தான் அடக்கமாட்டாமல் சிரித்துக் காட்டிக்கொடுத்தேன். அன்று சாயங்காலம் வரைக்கும் அம்மா எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை.

அவளுடைய விமர்சனத்தில் தாட்சண்யமே இருக்காது. கதாநாயகி இரண்டு பாட்டுக்கு வந்துவிட்டுக் காணாமல் போனால், சம்பளம் பாக்கி என்று கோபித்துக்கொண்டு போயிருப்பாள் என்பாள். வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வசனம் பேசினால், "பேசுதான், பேசுதான், சுட்டுத் தொலைய வேண்டியதான" என்று பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுப்பாள். ஆனால் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவளைப் பார்த்தால் வேறு ஆள். சண்டையோ பயமோ வந்தால் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை இறுக்கி மூடிக்கொள்வாள், பச்சைப் பிள்ளை வைத்திருக்கிற மாதிரி. கட்டைவிரலை உள்ளே வைத்துக் குத்தினால் உங்களுக்குத்தான் விரல் உடையும் மதினி என்று நான் கேலி செய்வேன்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று வாரம் முழுக்க பைக்கில் சுற்றுவான். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு படத்துக்கு வருவான். மதினிக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். படம் முடிந்து எப்படி இருந்தது என்று கேட்டால் "நல்லாருந்துச்சு" என்பான். எந்தப் படத்துக்கும் அதுதான். மதினி விடமாட்டாள். எந்த இடம் நல்லா இருந்தது, அந்த வில்லன் கடைசியில் என்ன ஆனான் என்று குறுக்கு விசாரணை செய்வாள். அண்ணன் தலையைச் சொறிந்துவிட்டு, செத்துட்டாம்லா என்பான். அந்தப் படத்தில் வில்லன் திருந்திக் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தான். நானும் மதினியும் ரோட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒருதரம் அவள் ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒரு படத்தை அண்ணன் ராஜபாளையத்தில் கம்பெனி ஆட்களோடு பார்த்துவிட்டு வந்துவிட்டான். மதினிக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டாள். அவனுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. கதாநாயகன் நீலச் சட்டை போட்டிருந்தான் என்று மட்டும் சொன்னான். "பாத்துட்டு வந்து ஒண்ணும் சொல்லத் தெரியாத மனுசனைக் கட்டிவச்சிருக்காகளே" என்று என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது அவளுக்கு ஒரு மரியாதை மாதிரி. நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு தியேட்டருக்குப் போகமுடியாத நாட்களில், அடுப்படியில் நின்றுகொண்டே முழுப் படத்தையும் எனக்கு ஓட்டிக் காட்டுவாள். சண்டைக்குக் கரண்டி சுற்றும்.

பிறகு அவள் உண்டானாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் இல்லை. அம்மாவே சாம்பாரை ருசிபார்க்கச் சொல்லி மார்க் கேட்க ஆரம்பித்தாள். வயிறு தெரியத் தொடங்கிய பிறகும் நாங்கள் படத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. சண்டைக் காட்சியில் பிள்ளை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வயிற்றில் வைப்பாள். பாட்டு வந்தால் அடங்கிவிடும். "இது நம்ம ஆளுட்டி. பாட்டு வந்தா தூங்கிருது" என்பாள். முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்தால் குனிந்து வயிற்றிடம், அத்தை நமக்குக் குடுக்காமத் திங்கா பாரு என்று கோள் சொல்லுவாள். அத்தை என்று என்னை முதன்முதலில் சொன்னது அவள்தான். அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், இன்னொரு தரம் சொல்லமாட்டாளா என்றும் இருக்கும்.

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த சமயம். காலையில் எழுந்து வந்து, பிள்ளை அசையவில்லை என்றாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அசைவு நின்று நேரமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எட்டாம் மாதத்துப் பிள்ளை. பெண்.

பிள்ளையை மதினிக்குக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தால் மறக்க முடியாது, அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரே வாயாகச் சொன்னார்கள். கல்யாணப் பேச்சில்கூட அவர்கள் இப்படி ஒத்துப்போனதில்லை. மதினி மயக்கத்திலிருந்து முழுதாகத் தெளிவதற்குள் அண்ணன் ஒரு வெள்ளைத் துணிச் சுருளை வாங்கிக்கொண்டு அப்பாவோடு போய்விட்டான். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். எனக்கும் காட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைத் துணி விலக்கிப் பார்த்தவன் அண்ணன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு மதினி அழவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். படம் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்பாளே, அதே குரலில். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் பைக்கைத் துடைக்க ஆரம்பித்தான். மறுநாளும் கேட்டாள். முடி இருந்துச்சா, யாரு சாடை, கண்ணு திறந்திருந்துச்சா. ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. அண்ணனுக்கு வாய் அசையும். சத்தம் வராது. அம்மா நடுவில் புகுந்து, அவனை ஏன் நோகடிக்கிறாய், மறக்கப் பார் என்று சத்தம் போட்டாள். மறக்கிறதுக்கு நான் என்னத்தைப் பார்த்தேன் என்று மதினி திருப்பிக் கேட்டாள். 

ஒரு வியாழக்கிழமை, "வாட்டி, படத்துக்குப் போவோம்" என்றாள். என்ன படம் என்றுகூடக் கேட்கவில்லை, கூடப் போனேன். மத்தியானக் காட்சி. ஏதோ ஒரு சிரிப்புப் படம். வேட்டி அவிழ்வதும் தண்ணீர்த் தொட்டியில் விழுவதுமாக ஓடியது. அதற்குத் தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். மதினி அழுதுகொண்டிருந்தாள். ஜனங்கள் சிரிக்கும்போதெல்லாம் வாயைத் திறந்து சத்தமாக அழுதாள், சிரிப்பு அடங்கும்போது அவளும் அடக்கிக்கொண்டாள். அடுத்த சிரிப்புக்குக் காத்திருந்து மறுபடி அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக எங்கேயும் அழ இடம் கிடைக்காமல் அங்கே வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையைப் பிடித்தேன். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியிருந்தது. திரையில் சண்டையும் இல்லை, பேயும் இல்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். நான் பழக்கத்தில் போனை எடுத்து டார்ச்சைப் போட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை. செருப்பு இரண்டும் அவள் காலிலேயே இருந்தன. வந்து உட்கார்ந்தவள் கழற்றவே இல்லை.

பஜ்ஜி வாங்கிக் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டே நின்றாள். எண்ணெய் இறங்கிக் காகிதம் கண்ணாடியாகிவிட்டது. நான் கேட்காமலே மார்க் சொன்னாள்.

"தடை" என்றாள்.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. அம்மாவின் சித்தி மகள் ஒருத்தி எங்களை டிக்கெட் வரிசையில் பார்த்திருக்கிறாள். போன் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். பிள்ளையை மண்ணில் வைத்து ஈரம் காயவில்லை, அதற்குள் சினிமா கேட்கிறதா என்று அம்மா ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே அவளும் அழுதாள். அவளுக்கும் அது பேத்திதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.  மதினி அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஏதாவது ஒன்று சொல்வான் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால்கூடப் போதும் என்று நினைக்கிறேன். அவன் எழுந்து மாடிக்குப் போனான்.

அந்த வாரமே அவள் இலத்தூருக்குப் போனாள். ஓய்வுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டோம். அண்ணன் கூப்பிடப் போனான். மாமனார் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு, மழை வருதுபோல இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தான். மறுபடியும் போனான், மறுபடியும் காபி. பிறகு நான் தனியாகப் போனேன். மதினி என்னை உட்காரவைத்துத் தலையைப் பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே சொன்னாள்.

"நான் வந்துருதேன்ட்டி. எனக்கு அத்தை மேலயும் கோவம் இல்ல. பிள்ளை எப்படி இருந்துச்சுன்னு அவுகளை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. நான்தான் பாக்கல. பாத்த ஆளு சொல்லணும்லா."

வந்து அண்ணனிடம் சொன்னேன். காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான். ஒரு வருஷம் போனது, இன்னும் கொஞ்ச காலம் போனது. பிறகு வக்கீல், கோர்ட். சண்டை போட்டுப் பிரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் இரண்டு பேரும் கோர்ட் வாசலில், சாப்பிட்டீகளா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி ஆலங்குளத்துக்குப் போனேன். அவளுக்கும் வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நல்லா இருக்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன், உள்ளே ஏதோ அறுந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். படம் பார்த்துவிட்டு ஐந்துக்கு நான்கு என்பார். அவரிடம் அருவிக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் அப்புறம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேனிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். போன சீசனில் ஊருக்கு வந்திருந்தவன், என்னைக் காரில் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனான். அன்றைக்கு வெள்ளம். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் விசிலோடு நிற்க, ஜனங்களோடு ஜனங்களாகத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அண்ணன் பேச ஆரம்பித்தான். என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"முடி நிறைய இருந்துச்சுட்டி. நெத்தி வரைக்கும். ஒரு கையை மூடியிருந்துச்சு. கட்டைவிரல உள்ள வச்சு. அவ படம் பாக்கும்போது வைப்பாள்லா, அதே மாதிரி."

 அவள் கையை நீ எப்போது பார்த்தாய், நீதான் படத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாயே என்று கேட்டேன்.

"படத்த யாரு பாத்தா" என்றான்.

அதனால்தான் அவனுக்கு எந்த வில்லன் செத்தான் என்று தெரியவில்லை. இதை ஏண்டா அவளிடம் சொல்லவில்லை, ஒரு வார்த்தைதானே கேட்டாள் என்று அடிக்காத குறையாகக் கேட்டேன். தினமும் சொல்ல வாயெடுத்ததாகவும், அந்தக் கையை நினைத்ததும் எழுந்து போய்விட்டதாகவும் சொன்னான். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள் என்றான். தண்ணீர் இரைச்சலில் அவன் அழுதது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அவள் கேட்டது என்னிடம் வந்து கிடக்கிறது. அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனால் எப்படி? வேறு வீட்டில் வாழ்கிறவளுக்குப் போன் போட்டு இதைச் சொல்வதா? அம்மாவிடம் கேட்டபோது, ஆறின புண்ணைக் கீறாதே என்றாள். ஆறிவிட்டது என்று அம்மாவுக்கு யார் சொன்னார்களோ.

இந்த வருஷம் அம்மாவைப் பார்க்க வந்திருந்தபோது ஒரு மத்தியானம் தனியாகத் தியேட்டருக்குப் போனேன். அதே தியேட்டர்தான். இப்போது ஏசி போட்டு, சாய்வுத் தரையை எடுத்துவிட்டுப் படிபடியாகக் கட்டியிருக்கிறார்கள். படம் சுமார். கதாநாயகன் ஊரையே காப்பாற்றி முடித்தபோது என் காலில் ஏதோ வந்து விழுந்தது. மேல் படியிலிருந்து உருண்டு வந்த ஒற்றைச் செருப்பு. விளக்குப் போடுகிறவரைக்கும் நான் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

மேல் வரிசையில் போன் டார்ச் வெளிச்சம் சீட்டுகளுக்கு அடியில் அலைந்தது. சின்னப் பெண்பிள்ளை ஒன்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மதினி. காதோரம் நரை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். செருப்பை எடுத்துக்கொண்டு படியேறினேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் யோசிப்பதற்குள் வாய் மதினி என்று சொல்லிவிட்டது.

"ஏட்டி, நீயா" என்றாள்.  கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

வீட்டுக்காரர் பைக்கை எடுக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்றாள். நான் ஆலங்குளத்தைப் பற்றி என்னவோ சொன்னேன். பெருக்குகிற ஆள் கீழ் வரிசையிலிருந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். பிள்ளை இரண்டு வரிசை தள்ளிக் குனிந்திருந்தது. இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அண்ணன் சொன்னான், மதினி" என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. சட்டென்று சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு."

சொன்னேன். கட்டைவிரலை உள்ளே வைத்து என் கையை மூடிக் காட்டினேன். நீங்க படம் பாக்கும்போது வைப்பீங்களே, அதே மாதிரி இருந்துச்சாம் என்றேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடி?"

"நிறைய. நெத்தி வரைக்கும்."

"கண்ணு?"

அண்ணன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். பிறகு ஏதோ தட்டுப்பட்ட மாதிரி நிமிர்ந்தாள்.

"நான் கைய வைக்கதெல்லாம் அவுக பாத்தாகளா?"

"அதைத்தான் பாத்திருக்கான். படத்தைப் பாக்கலையாம்."

அவள் கீழே குனிந்து நான் கொண்டுவந்த செருப்பைத் தரையில் போட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று மாட்டினாள். மாட்டிய பிறகும் பிடி தளரவில்லை. அவள் எடை முழுக்க என் தோளில் இறங்கியது.

பிள்ளை மற்றச் செருப்பைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அம்மாவின் காலடியில் அதை வைத்துவிட்டு, மார்க் எவ்வளவு என்று கேட்டது. வழக்கமாகக் கேட்பது போலிருக்கிறது. நூல்தானம்மா என்று அதுவே ஒரு மார்க்கும் சொன்னது.

"தடை" என்றாள் மதினி.

"இந்தப் படத்துக்காம்மா?"

பிள்ளை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மதினி என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.